காகம் வராத சனிக்கிழமை

அக்காவின் மகளுக்கு ஐந்து வயது. கொழுப்பை எரிக்கும் நொதியம் ஒன்று அவளுக்குப் பிறவியிலேயே குறைவு. அதனால் எங்கள் கொக்குவில் வீட்டில் ஒரு விதி உண்டு: அவள் பசியோடு இருக்கக் கூடாது; இருந்தால் இரத்தத்தில் சீனி சடுதியாக இறங்கிவிடும்.

ஆய்வுகூடத்தில் நான் பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். ஈரலின் உயிர்க்கலங்களுக்குள் கொழுப்பு எரியாமல் தேங்கினால் அவை நெருக்கடிக்கு ஆயத்தமாகின்றன. முதலில் புதிய புரதம் செய்வதைக் குறைக்கின்றன. பிறகு பழுதானவற்றைத் திருத்தப் பார்க்கின்றன. முடியாவிட்டால் தம்மையே அழித்துக்கொள்கின்றன. நுணுக்குக்காட்டியில் இதற்கு எந்த ஆரவாரமும் தெரியாது. கலங்களை வளர்க்கும் தட்டில் ஒரு அமைதி வரும். அந்த அமைதி எனக்குப் பிடிப்பதில்லை.

போன வருடம், ஒரு புரட்டாதிச் சனி. காகத்துக்குச் சோறு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் நாங்கள் விரதம் முடிப்போம். பிள்ளைக்கு மட்டும் காலையிலேயே அக்கா பிட்டும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டாள். சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது.

மத்தியானம் மதிலில் எள்ளுச்சோறு வைத்துக் கூப்பிட்டோம். மற்ற நாட்களில் கூப்பிடுமுன்பே வந்து நிற்கும் காகங்களில் ஒன்றுகூட வரவில்லை. வேம்பில் இலை அசையவில்லை. எல்லாம் சுன்னாகம் சந்தைக்குப் போயிட்டுதுகள் என்று அத்தான் பகிடி விட்டார். பசியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிள்ளை படியில் இருந்து மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி இல்லை, சிணுங்கல் இல்லை. இன்றைக்கு நல்ல பிள்ளையாக இருக்கிறாள் என்றாள் அக்கா. ஆய்வுகூடத் தட்டில் வரும் அமைதி எனக்கு நினைவு வந்தது; ஆனால் அவள் காலையில் சாப்பிட்டவள்தானே.

காகம் பின்வளவில் நிற்கிறதா என்று பார்க்கப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் காலைப் பிட்டு முழுவதும் வாழைப்பழத்தோடு இருந்தது. எறும்புகூட அதை மொய்க்கவில்லை.

ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினேன். உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது.

"ஏன் குஞ்சு சாப்பிடேல்லை?"

"காகம் இன்னும் சாப்பிடேல்லை, சித்தி."

சீனித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பருக்கினேன். அத்தான் ஓட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியும் வெகுநேரம் அவள் அசையவில்லை. பின்னேரம், கை நோகுது என்று வீறிட்டு அழுதாள். அதுவரை நின்றுகொண்டிருந்த அக்கா அப்போதுதான் கதிரையில் இருந்தாள். அழுகை ஓய்ந்ததும் பிள்ளை கேட்டாள்:

"காகம் சாப்பிட்டுதோ, அம்மா?"

"ஓம்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது, கல்லிலும் மதிலிலும் வைத்தது வைத்தபடியே இருந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் பார்த்திருக்க அவள் முதலில் சாப்பிடுகிறாள். பிறகுதான் மதிலுக்கு எள்ளுச்சோற்று இலை போகும். காகங்கள் திரும்பவும் வருகின்றன. அவள் கடைசி வாயை விழுங்கும்வரை மதிலில் வரிசையாக இருந்து, ஒரு சத்தமும் போடாமல், அவளையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.