இங்கு நான் நலம்

கொத்தமங்கலத்து ஆசைத்தம்பி ஆசாரி முப்பது வயது வரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. செட்டியார் வீடுகளுக்கு நிலைக்கதவு இழைத்துக்கொண்டிருந்தவர், யார் பேச்சையோ கேட்டு பம்பாய்க் கம்பெனி ஒன்றின் சரக்குக் கப்பலில் தச்சராகச் சேர்ந்து, பதினோரு வருஷம் உலகம் சுற்றினார். கடல் எப்படியிருக்கும் என்று ஊரில் கேட்டால், "நம்ம கம்மாதான். அங்குட்டுக் கரை மட்டும் தெரியாது" என்பார்.

1967இல், கப்பலின் அடியில் காற்று நுழையாத சரக்குக் கிடங்குக்குள் பலகை அடித்துக்கொண்டிருந்தவர் மூச்சு முட்டி விழுந்தார். நுரையீரல் கெட்டுப்போச்சு என்று துறைமுக டாக்டர் சீட்டெழுதி ஊருக்கு அனுப்பிவிட்டார். பத்தடி நடந்தால் உட்கார வேண்டியவர் உளியை எங்கே பிடிப்பது? வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். வேலையில் விழுந்தவருக்குக் கம்பெனி தரவேண்டிய நஷ்டஈடு வந்தால்தான் அடுப்பு எரியும்.

கேட்டு எழுதினார். நாலாம் வகுப்பு வாத்தியார் பிரம்பால் சொல்லிக்கொடுத்த முறை பிசகாமல் எழுதினார். 'அன்புள்ள கம்பெனியாருக்கு, இங்கு நான் நலம். அங்கு தங்கள் நலமும் தங்கள் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல்.' மூச்சுமுட்டல், நெஞ்சுவலி எல்லாம் அதற்கப்புறம்தான்.

பம்பாயில் எவனோ ஒரு புண்ணியவான் அதை வரிக்கு வரி இங்கிலீஷில் பெயர்த்துவிட்டான். பதில் வந்தது. புதுவயல் அரிசி ஆலைக் குமாஸ்தா காளிதாஸ்தான் அந்த வட்டாரத்துக்கே இங்கிலீஷ் படித்துச் சொல்பவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணே, நல்லா இருக்கேன்னு நீங்களே எழுதியிருக்கீகளாம். ரொம்பச் சந்தோசமாம். அதனால பணம் கெடையாதாம். எப்பக் கப்பலுக்கு வாரீகன்னு கேட்டிருக்கான்."

அந்த வரியை எடுத்துவிட்டு இன்னொன்று எழுதலாம் என்றார் காளிதாஸ். ஆசைத்தம்பியின் மனைவி சொர்ணவல்லி குறுக்கே விழுந்தாள்.

"நலம் போடாம எழுதுறது சாவுக் கடுதாசி. நான் உசுரோட இருக்கையில இந்த வீட்டுலேருந்து அப்பிடி ஒண்ணு போகாது."

காளிதாஸ் மன்றாடிப் பார்த்தார். கடைசியில் பேரம் படிந்தது: 'என் மனைவி நலம், பிள்ளைகள் நலம், வெள்ளாடு நலம். நான் மட்டும் கொஞ்சம் சுமார்.' 'நலமில்லை' என்று எழுத அவள் ஒப்பவேயில்லை.

அந்தச் 'சுமார்' பம்பாயைக் குழப்பியிருக்க வேண்டும். மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டும்படியும், அவர் எழுதுவதே முடிவு என்றும் உத்தரவு வந்தது. மூவரும் கிளம்பினார்கள். காளிதாஸ் பஸ்ஸில் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"எப்பிடி இருக்கீகன்னு கேப்பாரு. வாயத் தொறந்து நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிப்புடாதீக."

ஆசைத்தம்பி மதுரை வரை தலையாட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் நல்ல மனிதர். "வாங்க, எப்படி இருக்கீங்க?" என்றார்.

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்யா. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

காளிதாஸ் முட்டிக்கொள்ளச் சுவர் தேடினார். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"இல்லய்யா," என்றாள் சொர்ணவல்லி. "அவுக நல்லாவே இல்ல. ரெண்டு வருசமா அவுக படுத்துத் தூங்கி நான் பாக்கல. செவுத்துல சாஞ்சு உக்காந்தேதான் இருக்காக. நான் முழிச்சுக்குவேன்னு இருமலைத் துண்டுல பொத்திக்கிட்டுக் கொல்லைக்குப் போயிருவாக. அந்தத் துண்டைத் தொவைக்கிறது நான்தானே. அதுல ரத்தம் இருக்கு."

சொல்லச் சொல்ல அழுதாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட பயம் ஒருபக்கம், இரண்டு வருஷம் அடக்கிவைத்த துக்கம் ஒருபக்கம். டாக்டர் பேனாவை மூடிவிட்டு ஆசைத்தம்பியைப் படுக்க வைத்து வெகுநேரம் சோதித்தார். பிறகு எழுதினார்: வேலையால் வந்த நோய், கப்பல் வேலைக்கு இனித் தகுதியில்லை.

காளிதாஸ் அதைப் படித்துச் சொல்லி, பணம் வந்த மாதிரிதான் என்றார். சொர்ணவல்லி முன்னைவிடப் பலமாக அழுதாள்.

வெளியே வந்ததும் ஆசைத்தம்பி மூச்சு வாங்க நின்றார்.

"நீ தூங்குறேன்னுல்ல நெனச்சேன்," என்றார்.

"நீங்க தூங்குனாத்தானே நான் தூங்குறதுக்கு."