தண்ணிப்பல்லித் தீர்த்தம்

எங்கள் வீட்டில் ஒரு கார்த்திகை மாதம், குளித்துவிட்டு வந்து, கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த இரண்டு பிராணிகளைக் கும்பிட்டோம். அவற்றுக்குப் படையல் மண்புழு. இப்போது சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. சித்தப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால், எல்லாவற்றுக்கும் காரணமான அவர் மட்டும் அதைச் சுத்தமாக மறந்துவிட்டதாகச் சொல்கிறார்.

சித்தப்பா செங்கம் சாலையில் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சாமான் வாங்க மெட்ராஸ் போகும்போதெல்லாம் சாமானை மறந்துவிட்டு வேறு எதையாவது வாங்கி வருவார். அந்த முறை வந்தவை விரல் நீளத்தில், நாலு காலோடு, தட்டையான வாலோடு தண்ணீரில் நீந்தின. முதுகு கறுப்பு, வயிறு மட்டும் குங்குமச் சிவப்பு. சீனாவிலிருந்து வந்தவை, பெயர் நியூட் என்றார் சித்தப்பா. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லியைக் காசு குடுத்து வாங்கியாந்த மொத ஆளு நீதான்" என்றாள். அன்றிலிருந்து அவை தண்ணிப்பல்லி.

மெட்ராஸ் கடைக்காரர் சொன்னதாகச் சித்தப்பா இரண்டு விஷயங்களைச் சொன்னார். தொட்டி எப்போதும் மூடியிருக்க வேண்டும். தொடுவதென்றால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொடுவதற்கு முன்னாலா பின்னாலா என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அப்போது அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. பிளஸ் டூ முடித்து, வேலூரில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்து, பெட்டி கட்டும் நேரத்தில் ஆரணியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். சொந்தமாக அரிசி மண்டி இருக்கும்போது பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்றார்கள். அப்பா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தார். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவர், அதற்கும் தலையாட்டிவிட்டார். தை மாதம் முகூர்த்தம்.

கார்த்திகை தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் அத்தையின் தலையில் பல்லி விழுந்தது. நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தலையை உதறிக்கொண்டு எழுந்து, "அண்ணி, தலையில பல்லி விழுந்துட்டுது" என்று சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். நான் கூரையைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், பாயைத் தூக்கிப் பார்த்தேன். பல்லியைக் காணோம். பெரியவர்களுக்குக் கண் நம்மைவிடக் கூர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா ஆடிப்போனாள். தோளில் விழுந்தால் ஒரு பலன், காலில் விழுந்தால் ஒரு பலன். தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். "ஆரணிக்காரங்ககிட்ட சொல்லிடலாம் அண்ணி. மனசுல சங்கடத்த வெச்சிக்கினு நல்ல காரியம் செய்யக்கூடாது" என்றாள் அத்தை. உயிர்பயம் வந்தவள் மாதிரி இல்லை, நிதானமாகத்தான் சொன்னாள். காஞ்சிபுரம் கோயிலுக்குப் போய்த் தங்கப்பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால் தோஷம் போகும். ஆனால் தீபக் கூட்டத்தில் பஸ் பிடித்துப் போய் வருவது நடக்கிற காரியமில்லை. அப்பாவுக்கோ ஆபீஸில் தீபம் டியூட்டி.

சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. "தங்கப்பல்லி எதுக்கு? உசுரோட செவப்புப் பல்லி வீட்டுலயே இருக்குது. அதத் தொட்டுக்கோ, எல்லாம் சரியாப்பூடும்" என்றார்.

சிரிப்பதற்காகச் சொன்னது. அம்மா சிரிக்கவில்லை. அத்தையைத் தலைக்குக் குளிக்கச் சொல்லி, கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லி, மூடியைத் திறந்து தொடவைத்தாள். தொட்டதும் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னாள். அத்தை தாவணி முனையில் விரலை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் ஒற்றிக்கொண்டாள். அவள் முகம் விழுந்துபோயிருந்தது. தோஷம் போனால் சந்தோஷப்படத்தானே வேண்டும் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

பிறகு எதிர்வீட்டு அம்மாள் வந்தார். அவர் சொல்லிப் பக்கத்துத் தெருவும் வந்தது. ஜென்மத்தில் என்றோ பல்லி விழுந்தவர்கள் எல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தார்கள். குழாயடியில் பயபக்தியோடு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவார்கள், தொடுவார்கள், கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், ஈரக்கையோடு போய்விடுவார்கள். எங்கள் வீட்டு சோப்புதான் கரைந்தது. கணக்குப் பரீட்சைக்காக நானும் தினமும் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். யாரோ தீர்த்தம் கேட்க, அம்மா தொட்டித் தண்ணீரைப் பூஜை உத்தரணிக் கரண்டியில் மொண்டு கொடுக்க ஆரம்பித்தாள். "அண்ணி, நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்றார் சித்தப்பா. "சாமி விஷயத்துல தமாஷ் என்னா தமாஷ்?" என்று அம்மா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அத்தைக்கும் காலையில் ஒரு உத்தரணி. மலையைப் பார்த்துக் குடிக்கிறேன் என்று அவள் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போவாள். ஒருநாள் பின்னாலேயே போனேன். தண்ணீரை மருதாணிச் செடியின் அடியில் ஊற்றிவிட்டு வாயை மட்டும் துடைத்துக்கொண்டு திரும்பினாள். மருதாணிக்கும் ஏதோ தோஷம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் காலை. தொட்டியை யாரோ சரியாக மூடாமல் போயிருந்தார்கள். கண்ணாடியில் ஏறி வெளியே வந்த ஒன்று, வெள்ளச்சியின் வாயில் இருந்தது. வெள்ளச்சி எங்கள் வீட்டில் பால் குடித்து வளர்ந்த பூனை. நாங்கள் கத்துவதற்குள் விழுங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் முன்னங்காலால் வாயைத் தேய்த்துத் தேய்த்து எச்சில் வடித்தது. எழுந்து நடக்கப் பார்த்தது, பின்னங்கால் வரவில்லை. உடம்பை இழுத்துக்கொண்டு அம்மாவின் காலடிக்கு வந்து, மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து பார்த்தது. அப்படியே அடங்கிவிட்டது. அம்மா கையில் உத்தரணியோடு நின்றிருந்தாள். அதில் தீர்த்தம் இருந்தது.

வரிசையில் நின்ற எதிர்வீட்டு அம்மாள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகைகூட வரவில்லை. மெட்ராஸ் கடைக்காரருக்குப் போன் போட, சித்தப்பா எஸ்டிடி பூத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"தோலு பூரா விஷமாம் அண்ணி. தொட்டப்புறம்தான் கை கழுவணுமாம். கண்ணுல, வாயில படவே கூடாதாம். அதோட தண்ணிய மொள்ளத் தனி மக்கு வெக்கணுமாம். உள்ள போச்சின்னா மொதல்ல உதடு மரத்துப்பூடுமாம்."

"இத வாங்கறப்பவே சொன்னாரா?" என்று கேட்டாள் அம்மா.

"சொன்னாரு" என்றார் சித்தப்பா. அவரை அப்படிச் சின்னவராக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, எனக்கு உதடு மரத்துப்போன மாதிரி இருக்குது" என்றாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நானே ஊத்திக் குடுத்துட்டேனே, என் கையாலயே குடுத்துட்டேனே" என்று ஆட்டோ போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னாலேயே பாதித் தெரு ஆஸ்பத்திரிக்கு வந்தது. வழியிலேயே எல்லோருக்கும் உதடு மரத்துவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் எதையோ தின்றுவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்த டாக்டரம்மா, விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கண்ணுலயா ஒத்திக்கினீங்க?" என்று இரண்டு முறை கேட்டார்.

எல்லோருடைய நாடியையும் பார்த்தார். அத்தையைக் கையை மூடித் திறக்கச் சொன்னார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், நடக்கவைத்தார். யாருக்கும் ஒன்றும் இல்லை. "உங்க நல்ல நேரம்" என்றார். பிறகுதான் என் வலது கண்ணைக் கவனித்தார். இரண்டு நாளாகச் சிவந்து வீங்கியிருந்ததை அம்மா மெட்ராஸ் ஐ என்று நினைத்திருந்தாள். "நெஜமா விஷம் பட்டது இந்தப் பொண்ணுக்குத்தான்" என்று, வெகுநேரம் கண்ணைக் கழுவிவிட்டுக் கட்டுப் போட்டார். மிச்சம் இருப்பதைக் கோபத்தில் குளத்தில் விட்டுவிடக் கூடாது என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா அதைத் தன் கடைக்கே கொண்டுபோய், மூடிமேல் கல் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு வளர்த்தார்.

சேதி ஆரணிக்குப் போய்ச் சேர்ந்தபோது வழியில் பல்லி உதிர்ந்துபோய் விஷம் மட்டும் மிஞ்சியிருந்தது. பெண் விஷம் குடித்தாளாம் என்று சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். அப்பா அதற்கும் தலையாட்டிவிட்டார். அடுத்த வருஷம் அத்தை வேலூருக்குப் பெட்டி கட்டினாள். எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்து, இன்னும் சில வருஷத்தில் ரிட்டையர் ஆகப்போகிறாள்.

ஆஸ்பத்திரியில், எதற்கும் இருக்கட்டும் என்று அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு டாக்டரம்மா கடைசியாகக் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நீ எவ்வளவும்மா குடிச்சே?"

"தெனம் ஒரு உத்தரணி. ஒருநாள்கூட விடல" என்றாள் அத்தை.

ஒற்றைக் கண்ணோடு கட்டிலருகில் நின்றிருந்த நான், "இல்ல டாக்டர், அத்த வந்து..." என்று ஆரம்பித்தேன். போர்வைக்குள்ளிருந்து அத்தையின் கை வந்து என் கையைப் பிடித்தது. ஜில்லென்று இருந்தது. வலிக்கிற மாதிரி அழுத்தியது. பாவம், செத்துப்போய்விடுவோம் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். சொல்ல வந்ததை மறந்துவிட்டு நானும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒன்னும் ஆவாது அத்த, நான் இருக்கறேன்" என்றேன்.

அத்தை அப்போதுதான் அழுதாள்.