எச்சரிக்கை வாசகம் போடுகிற இடத்தில்

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்கிற பெனிட்டோவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, நர்ஸ் ஜெஸ்லினின் பயோடேட்டாவும் லேபிளாகவே அச்சாகி வந்தது. வெள்ளைத்தாளில் கறுப்பு எழுத்து போதும் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பேரு அப்ளிகேசன் போடுவாக! உன்னோடதுதான் முதல்ல கண்ணுல படணும்," என்று அவன் காதிலேயே வாங்கவில்லை.

பளபளக்கும் அட்டை. நடுவில் அவள் படம், சுற்றிலும் சிதறும் நட்சத்திரங்கள். பெயர் தங்க நிறத்தில் கையகலத்துக்கு. படிப்பும் அனுபவமும், பெட்டியில் எச்சரிக்கை வாசகம் போடுகிற அதே ஓரத்தில், பொடி எழுத்தில். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றினாலும் அவளுக்குத் திட்ட மனம் வரவில்லை. விருதுநகரில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரி வேலை கிடைக்காவிட்டால், கைக்குழந்தையை இவனிடம் விட்டுவிட்டு அவள் சென்னைக்குப் போக வேண்டும். அந்தப் பயம் அவளைவிட அவனுக்குத்தான் அதிகம்.

நேர்காணலுக்குப் போனால், காத்திருந்தவர்கள் மடியிலெல்லாம் மினுமினுப்பு. ஒருத்தி காலண்டர் அட்டையிலேயே அடித்து வந்திருந்தாள். சிவகாசிப் பக்கம் யார் வீட்டில்தான் அச்சகத்தில் ஆள் இல்லை? ஜெஸ்லின் தன் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

தலைமை நர்ஸ் லட்சுமிகாந்தம் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"காலையில இருந்து கண்ணு கூசுதும்மா. உன் பேரைத் தவிர ஒண்ணும் தெரியல. நீயே சொல்லு, எங்க வேலை பார்த்த?"

"தீக்காய வார்டுல மூணு வருசம், மேடம். கட்டுப் பிரிக்கையில துணி புண்ணோட ஒட்டிக்கிட்டு வரும். நனைச்சு நனைச்சு எடுக்கணும். அவுகளுக்கு வலியில உசுரு போயி வரும். நான் பேச்சுக் குடுத்துக்கிட்டே எடுப்பேன்."

"என்ன பேசுவ?"

"பிள்ளைகளப் பத்திக் கேப்பேன், மேடம். எம்புட்டு வலியிலயும் அதுக்கு மட்டும் பதில் சொல்லிருவாக."

லட்சுமிகாந்தம் அட்டையை மூக்கருகே கொண்டுபோய் அந்த அனுபவத்தைத் தேடினார். ஜெஸ்லின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அட கிறுக்குப் பிள்ளே! இந்த ஊர்ல இதுக்குத்தான் ஆள் கிடைக்காம அலையுதோம். இதையில்ல தங்கத்துல அடிச்சிருக்கணும்!"

வாசலில் பைக்கோடு நின்ற பெனிட்டோ, "அட்டையைப் பார்த்து அசந்துட்டாகளா?" என்று ஓடிவந்தான்.

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாக. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன்."

பெனிட்டோ அங்கேயே, எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதான். வாட்ச்மேன் பதறி வந்தார்.

"யாருக்கு என்னாச்சு தாயி?"

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள் ஜெஸ்லின். "எனக்கு வேலை கிடைச்சிருச்சு."