ஒப்பாரிக்குக் கொடுத்த பரிசு

நாட்டுப்புறப் பாட்டுக் கேசட்டுகளுக்கு எங்கள் அச்சகம் வருடாவருடம் கொடுத்துவந்த பரிசின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி முதலாளி அண்ணாச்சி கேட்டார். பரிசை நிறுத்தப்போகிறார், கடைசி விழாவுக்கு ஒரு மலர் போட வேண்டும். ஆரம்பத்திலிருந்து கூட இருந்தவள் நான் என்பதால் என்னிடம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

சிவகாசியில் காலண்டர் சீசன் முடிந்தால் எங்களுக்குக் கேசட் அட்டைதான் சோறு போட்டது. கும்மி, கரகாட்டப் பாட்டு, சாமி வர்ணிப்பு என்று சின்னச் சின்னக் கம்பெனிகள் அட்டை அடிக்க வரும். நான் புரூஃப் பார்ப்பவள். நல்ல கேசட் ஒன்றுக்கு வருடம் ஒரு கேடயம் கொடுத்தால் ஆர்டர் கைவிட்டுப் போகாது என்று அண்ணாச்சி நினைத்தார். பரிசு பிறந்த கதை அவ்வளவுதான். மலரில் 'கிராமியக் கலைகள் மீது கொண்ட பற்றினால்' என்று எழுதினேன்.

முதல் சில வருடங்கள் ஸ்டூடியோப் பாட்டுகளே வென்றன. எல்லாவற்றிலும் ஒரே கீபோர்டு. விருதுநகரிலிருந்து நடுவராக வந்த கல்லூரி வாத்தியார் ஒருவர், கோழி போடாத கோழிக் குழம்பு என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். அடுத்த வருடம் விதி மாறியது. பாட்டு பிறக்கிற இடத்திலேயே பதிந்ததாக இருக்க வேண்டும். பதிந்தவர் பெயரும் கேடயத்தில் வரும். அச்சகமே ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கியது. உன் ஊர் ஆமத்தூரில் ஒப்பாரி கிடைக்குமா பார் என்று அண்ணாச்சி அதை என்னிடம் கொடுத்தார்.

எங்கள் தெருவில் ஒப்பாரிக்குப் பேர்போனவள் ஒருத்தி இருந்தாள். என்னை மதினி என்பாள். அவள் மகளும் என் மகளும் பள்ளிக்கூடத்திலிருந்தே சேக்காளிகள். இருபது வயதில் ஒரே வேனில் ஒரே பட்டாசு ஆலைக்குப் போனார்கள். நான் ரிக்கார்டரோடு போய் உட்கார்ந்தேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவை வெற்றிலை வைத்து அழைத்ததாகும் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க வீட்ல ஒரு எளவு விளுகட்டும் மதினி. அன்னைக்கு வந்து எம்புட்டு வேணுமோ பிடிச்சுக்கங்க."

"அப்பம் யாரு சாகணும்னு சீட்டுக் குலுக்கிப் போடுவமா?" என்று அவள் மகள் கேட்டாள். என் மகளும் அங்கேதான் இருந்தாள். நாலு பேரும் சிரித்தோம்.

அந்தத் தீபாவளி சீசனில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் அவளுக்கு வேலை. மற்ற அறைகளைவிட அங்கே கூலி கூட. ஒருநாள் ஆள் இல்லையென்றால் போர்மேன் அந்த இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார். காலையில் வேன் நிற்கிற இடத்துக்கு நான் போனேன். பேக்கிங்கில் இருந்த சேக்காளியின் கையைப் பிடித்து, இன்று ஒருநாள் அவள் இடத்தில் நீ உட்கார்ந்துகொள் தாயி என்று கேட்டேன். "அதுக்கென்ன அத்தை" என்று ஏறிப் போனாள். என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது தெரியாது. நானும் பிறகு சொல்லவில்லை.

சத்தம் அச்சகம்வரை கேட்டது. துணியைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லித்தான் உடலைக் கொடுத்தார்கள்.

காய்ச்சல் விடாத மகளை வீட்டில் விட்டுவிட்டு, ரிக்கார்டரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இழவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனேன். அவள் அன்று விளையாட்டாகச் சொன்னதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் நினைவு நிற்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கேடயத்தில் என் பெயர் வரும் என்பதையும் மறக்கவில்லை. வாசலிலேயே பொத்தானை அமுக்கிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் துட்டிக்கு வருகிற ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டுதான் பாடுவார்கள். வந்தவள் செய்த நல்லது கெட்டது எல்லாம் பாட்டில் வரும். கேட்டுக்கொண்டு அழ வேண்டும். வீட்டுக்குப் போய்த் தலை முழுகினால் அதோடு போயிற்று. எவளும் அதை வெளியில் எடுத்துப் பேச மாட்டாள். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஒம் மக காச்சலுக்குக் கசாயம் வச்ச கையாலே
எம் மக கைப்பிடிச்சு வேனுல ஏத்தினியே
ஒம் மக எந்திரிச்சு ஒருவாய்க் கஞ்சி குடிக்கையிலே
எம் மக எலும்பள்ளச் சொளகு தேடி நிக்கேனே"

வேனில் இருந்த யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் மஞ்சள் பை நசுங்கிக்கொண்டிருந்தது.

கேசட்டை அழிக்க வேண்டும் என்று நினைத்தபடியே நாளைக் கடத்தினேன். ஒருநாள் அண்ணாச்சி ரிக்கார்டரைக் கேட்டு வாங்கினார். கேசட் உள்ளேயே இருந்தது. கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நாலு வரியை மட்டும் வெட்டிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது.

"அதுலதாம்மா உசுரே இருக்கு" என்றார். "அத வெட்டிட்டா மிச்சம் எல்லா ஊர்லயும் அளுவுற அளுகைதான்."

பாடியவளிடமே போனேன். என் மகள் காதில் இது விழக் கூடாது, வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சொளகைக் கீழே வைக்கவில்லை.

"எளவு வீட்ல பாடுனத நான் எளவு வீட்லயே விட்டுட்டேன் மதினி. நீங்கதான் பையில போட்டுக் கொண்டுபோனீக."

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அவள் வரவில்லை. மகளைத் தடுக்க என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். என் சேக்காளிக்குப் பாடிய பாட்டுக்குப் பரிசு, நான் வராமலா என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார்கள். வேன் வந்த வரியில் அவள் மடியிலிருந்த கைக்குட்டையைச் சுருட்ட ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டு முடிந்ததும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்திருக்கலாம். எழுந்து போனேன். கைதட்டினார்கள். கேடயத்தோடு இறங்கி வந்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது.

ஆமத்தூரில் அந்த வீட்டு வாசலில் கண்டுபிடித்தேன். சேக்காளியின் அம்மாவோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வா என்றேன்.

"நான் இங்கனதான் இருக்கப் போறேன். நீங்க போங்க."

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்றுதான் அழைத்திருக்கிறாள்.

அந்த வீட்டிலிருந்தே வேலைக்குப் போனாள். அந்த வீட்டிலிருந்தே கல்யாணமாகியும் போனாள். எனக்கும் பத்திரிகை வைத்தார்கள்.

பிறகு கேசட் போய் சிடி வந்தது. அதுவும் போய்ப் பாட்டுகள் செல்போனுக்குள் ஏறிவிட்டன. அட்டை இல்லாத பாட்டுக்கு அண்ணாச்சி எதற்குக் கேடயம் கொடுப்பார்? மலரில் பரிசு பெற்றவர்களின் பட்டியலையும் நான்தான் தயாரித்தேன். அந்த வருடத்துக்கு நேரே 'ஒப்பாரி, ஆமத்தூர்' என்று எழுதி, பதிவு செய்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை. அவளாவது பார்க்கட்டும் என்று மகளுக்கு ஒரு பிரதியைக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு வாரத்தில் அது திரும்பி வந்தது. கடிதம் ஏதும் இல்லை. பட்டியலின் காலி இடத்தில், என் பெயரை இனிஷியலோடு நிதானமாக எழுதியிருந்தாள்.