பிலோமினா அக்கா எழுதித் தந்த கவர்கள்

பிலோமினா அக்கா போய்விட்டார். நெஞ்சுவலியாம்... மத்தியானம் வாட்ஸப்பில் செய்தி. நாலு மணிக்குக் கடலூரில் அடக்கம்.

பஸ்ஸில் உட்கார்ந்து இந்தப் போஸ்டை டைப் பண்ணுகிறேன். புதுச்சத்திரம்கூடத் தாண்டவில்லை, ரோடு வேலை. இறங்கி நடக்கலாமா என்று மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தாச்சு. கண்டக்டர் முறைக்கிறார்.

தெரியாதவர்களுக்கு... சிதம்பரத்தில் நான் கவுண்டரில் நின்ற மெடிக்கலில் அக்காதான் பார்மசிஸ்ட். தினமும் கடலூரிலிருந்து வந்து போவார்.

காய்ச்சல் மாத்திரை கேட்டால் போதும், விசாரணை ஆரம்பம். "சளிக்கு ஏதாச்சும் போட்டீங்களா? அட்ட இருக்கா? அதுலயும் பாராசிட்டமால் இருக்குங்க. ரெண்டும் சேந்தா ஜாஸ்தியாயிடும், ஈரல் கெட்டுடும்."

"மாத்திர குடும்மான்னா ஜாதகம் கேக்குற!" என்று ஒரு பெரியவர் கத்தினார். அக்கா அசரவில்லை. "குடுங்க மாமா, ஜாதகமே பாத்துடலாம்" என்று அவர் பையிலிருந்த அட்டையை வாங்கி, பின்பக்கப் பொடி எழுத்தைச் சத்தமாகப் படித்தார். அதிலும் அதே மருந்து. மாமா அட்டையைத் திருப்பி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்கள் கடையில் முழு அட்டை வாங்குகிறவர்கள் குறைவு. நாலு, அஞ்சு என்று வெட்டித்தான் கொடுப்போம். பேரும் தேதியும் பாதி நேரம் மிச்ச அட்டையிலேயே தங்கிவிடும். அதனால் அக்கா ஒவ்வொரு கவர் மேலும் எழுதுவார். மருந்து பேர், எக்ஸ்பயரி, எத்தனை வேளை, எதோடு சேர்க்கக் கூடாது...

கூட்ட நேரத்தில் எனக்குப் பத்திக்கொண்டு வரும். "இது மருந்துக் கடையா, பரீட்சை ஹாலா?" என்பேன். "எழுதுடா எரும" என்று சிரிப்பார்.

ஒருநாள் அக்கா சாப்பிடப் போயிருந்தார். கிள்ளையிலிருந்து ஒரு பெண், அப்பாவுக்குக் காய்ச்சல், சளி என்றாள். இரண்டு மாத்திரையிலும் எட்டெட்டு வெட்டி வெறும் கவரில் போட்டுக் கொடுத்தேன். எழுதவில்லை. கேட்கவும் இல்லை.

அந்த மனுஷர் உடம்புவலி தாங்காமல் இரண்டையும் சேர்த்துச் சேர்த்து விழுங்கியிருக்கிறார். ஒன்றரை நாளில் எல்லாம் காலி. வாந்தி, ஆஸ்பத்திரி. என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டதற்குக் காட்ட வெறும் துண்டு அட்டைதான் இருந்தது.

பிழைத்துவிட்டார். ஆனால் அவர் மகன் கடை வாசலில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "எங்கப்பா என்னாத்த முழுங்குனாருன்னு எங்களுக்கே தெரியலயேடா!"

"யார் குடுத்தது?" என்றார் முதலாளி. நான் ஷெல்ஃப் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"பார்மசிஸ்ட் நான்தான சார். பொறுப்பு என்னுது" என்றார் அக்கா. அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

போகும்போது என்னைப் பார்த்து, "இனிமேலாச்சும் எழுதிக் குடுடா" என்றார். அவ்வளவுதான். ஒரு அறை விட்டிருக்கலாம்.

அப்புறம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "அந்தப் பொம்பளதான மாத்திரய மாத்திக் குடுத்தது?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். சீ... நினைத்தாலே கூசுகிறது. அக்கா நம்பர் என் போனில்தான் இருந்தது. ஒரு தடவைகூடப் போடவில்லை.

பஸ் நகர்கிறது. மணி மூணே கால்.

அக்கா வீட்டுக்காரர், முதலாளி, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இதைப் பார்ப்பீர்கள். கிள்ளைக்காரர்கள் யாராவது இருந்தால் அந்த வீட்டிலும் சொல்லுங்கள். அந்தக் கவரைக் கொடுத்தது அக்கா இல்லை. நான்.

மண்ணு போடறதுக்குள்ள வந்துடறேங்க்கா...