தடைக்கு வந்த தடை

எனக்குக் கல்யாணமாகித் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வந்த முதல் வருஷம். மாமனார் ஒரு மிராசுதாரின் நிலத்தை முப்பது வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். மிராசுதார் இறந்ததும் அவர் மகன் நிலத்தைத் திரும்பக் கேட்டார். குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்த காலம். மாமனார் தர மறுத்துவிட்டார். குறுவை நெல் பழுத்து நின்ற சமயம் கோர்ட் அமீனா வந்து எங்கள் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான் ஒருத்திதான். உரக்கப் படித்தேன். பிரதிவாதி மேற்படி நிலத்தில் நுழையாதிருக்க இடைக்கால உறுத்துக்கட்டளை பிறப்பிக்கப்படுகிறது என்றிருந்தது.

"உறுத்துக்கட்டளைன்னா என்னம்மா?" என்றார் மாமனார்.

"தெரியலை மாமா. நுழையக் கூடாதுன்னு மட்டும் புரியுது."

பதினோரு வருஷம் தமிழ் படித்தும் ஒரு தமிழ்ச் சொல் புரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இன்ஜங்ஷனை, அதாவது தடை உத்தரவைத்தான் அப்படி எழுதுகிறார்கள் என்று தஞ்சாவூர் வக்கீல் சொன்னார். மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டு, பத்து நாளில் அந்த உத்தரவை நிறுத்திவைக்க வைத்தார். அதற்கும் பெயர் தடைதான். மாமனார் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "கோர்ட்டுல தடை கெடைச்சிருச்சு!" என்று கடைத்தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் அறுப்புக்கு ஒருவரும் வரவில்லை. ஆட்களைக் கூட்டிவரும் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"தடை போட்ட வயல்ல எறங்கினா போலீஸ் புடிச்சிட்டுப் போவும்ங்கிறாங்களே?"

"நமக்குத் தடை இல்லக்கா. அந்தத் தடைக்குத்தான் தடை."

"தடைக்குத் தடைன்னா இன்னும் பெரிய தடையால்ல இருக்கு?"

வரப்பில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளிடம் மேல்கோர்ட் காகிதத்தை நீட்டினேன். "தடைன்னுதானேம்மா போட்டிருக்கு. ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். ஸ்டேஷனில் தாசில்தாரைப் பார்க்கச் சொன்னார்கள். தாசில்தார் ஆபீஸில் வக்கீலிடமிருந்து கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். மாமனார் பஸ் ஏறி இறங்கியே ஓய்ந்து போனார். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது.

மழை பிடித்த மூன்றாம் நாள் காலையில் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, அரிவாளோடு வயலில் இறங்கினேன். மாமியாரும் பின்னாலேயே வந்தார். கான்ஸ்டபிள், "சொன்னா கேக்க மாட்டீங்களா?" என்று கத்தினார்.

"என்னைப் புடிச்சிட்டுப் போங்க. ஜட்ஜுகிட்டயே அர்த்தம் கேட்டுக்கறேன்" என்றேன். அவர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டு மதகுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மதியத்துக்குள் அந்த அக்கா எட்டுப் பேரோடு வந்தார். "நீ எறங்கிட்டே, அப்புறம் எங்களுக்கு என்ன?" என்றார். இருட்டும்வரை அறுத்தோம். பாதிக்கு மேல் முளைவிட்டிருந்தது; அதை மாட்டுக்குத்தான் போட முடிந்தது.

வழக்கு ஐந்து வருஷம் இழுத்து எங்கள் பக்கம் தீர்ப்பானது. நிலம் எங்களிடமே நின்றது. தீர்ப்பைக் கையில் வாங்கிய அன்றும் மாமனார் முளைவிட்டு வீணான அந்தக் குறுவையைப் பற்றித்தான் பேசினார்.