பிலாத்துவின் மனைவியாக என் தம்பி

முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைக்கும்போது எழுகிற வாசனைதான் எனக்குத் தவக்காலத்தின் வாசனை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் கோயிலுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஆண்டுதோறும் பாஸ்கா நாடகம் நடக்கும். இயேசுவின் பாடுகளைக் காட்டும் அந்த நாடகத்தில் பெண்பிள்ளைகள் மேடையேறும் வழக்கம் இல்லாததால், மீசை அரும்பாத பையன்களின் முகத்தில் அந்த வெள்ளையைப் பூசிச் சேலை கட்டிவிடுவார்கள். நான் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டு, என் தம்பி அமலனுக்கு, இயேசுவைச் சாவுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் கை கழுவிய ஆளுநன் பிலாத்துவின் மனைவி வேடம் கிடைத்தது.

அமலனின் நடையையும் கையசைவையும் பற்றித் தெருவில் முன்பே பேச்சு இருந்தது. பெரியவர்கள் "ஒரு மாதிரி" என்பார்கள். பையன்கள் "பொட்ட" என்று நேராகவே கூப்பிடுவார்கள். மில்லில் வேலை பார்த்த எங்கள் அப்பா அதிகம் பேசாதவர். வேடத்துக்கு அவர் சம்மதித்ததே, "மேடையில ஆடித் தீத்துட்டான்னா வீட்டுல அடங்கிடுவான்" என்ற கணக்கில்தான். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறி கிடையாது, ரேடியோவும் கிடையாது. ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட உட்காரும்போது, அமலன் பங்குச் சாமியாரைப் போலவும் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவைப் போலவும் பேசிக் காட்டினால், அப்பா சோற்றுக் கையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். வேறு யாராலும் அவரை அப்படிச் சிரிக்கவைக்க முடிந்ததில்லை. அமலனுக்கும் வேறு யாருடைய சிரிப்பும் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

நாடகத்தன்று மாலை, பாதி ஆட்டத்தில் சிலுவையின் குறுக்குக்கட்டை கழன்று விழுந்தது. தச்சர் அதைச் சரிசெய்யும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டிய கட்டியக்காரனோ காய்ச்சலில் படுத்திருந்தான். யாராவது போய் நாலு வார்த்தை பேசுங்கடா என்று நாடகத்தை நடத்திய கோயில் உபதேசியார் கெஞ்ச, அமலன் சேலையோடு மைக் முன்னால் போய் நின்றான். முதலில் உபதேசியாரைப் போலவே பேசிக் காட்டினான். ஜனம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய் பொட்ட, நீ யாருக்குடா பொண்டாட்டி?"

அமலன் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னான்: "பிலாத்துக்குத்தாண்ணே. ஆனா அந்தாளுதான் கைய கழுவிட்டானே, நீங்க வர்றீங்களா?"

மைதானமே அதிர்ந்தது. சாமியார் அங்கியின் கையால் வாயை மூடிக்கொண்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் இருந்த மில்லுக்காரர்கள் மேடையை விட்டுத் தன்னைப் பார்ப்பதைக் கவனித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டில் அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுவாரம் அமலனை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் மொட்டை அடித்துக் கூட்டிவந்தார். அதற்கடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும், அவன் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரைக்கும் அது தொடர்ந்தது. மாதா அவனைச் சரியாக்கிவிடுவாள் என்று அப்பா உண்மையாகவே நம்பினார். தெருவில் எல்லோரும் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அம்மா அமலனின் தலையைத் தடவிச் சந்தனம்கூடப் பூசிவிட்டார். எங்கள் அம்மா சொல்வாள்: "நேந்துக்கிட்டத யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க." முதல் மொட்டைக்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் அமலன் யாரைப் போலவும் பேசிக் காட்டவில்லை. அப்பாவும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை.

லாஸ்பேட்டையில் கல்லூரி முடித்ததும் அவன் சென்னைக்குப் போய்விட்டான். பல வேலைகள் பார்த்தான். நாற்பதை நெருங்கும்போது, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று ஒரு சிறிய அரங்கில் மைக் பிடித்துச் சொல்லி, அதையே நகைச்சுவையாக்கி, நகைச்சுவையையே தொழிலாக்கிக்கொண்டான். ஊர் ஊராக அழைத்தார்கள். சில ஊர்களில் அரங்குக்காரர்கள் பயந்து கடைசி நேரத்தில் கதவைப் பூட்டினார்கள். ஓர் ஊரில் செருப்பு வந்து விழுந்தது. புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டல் கூடத்தில் நிகழ்ச்சி நடக்கும்போதெல்லாம் முன்வரிசையில் அப்பாவுக்கென்று ஒரு நாற்காலி போடச் சொல்வான். அழைப்பை நான்தான் கொண்டுபோய்ச் சொல்வேன். அப்பா தினசரியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். ஒருமுறை மட்டும் கேட்டார்: "என்னப் பத்தியா பேசுறான்?" ஆமாம் என்றேன். பக்கத்தைத் திருப்பினார்.

பேசத்தான் செய்தான். "மொட்ட அடிச்சா நான் மாறிடுவேன்னு எங்கப்பா நம்புனாரு. மாதா முடிய மட்டும் வாங்கிக்கிட்டாங்க. மத்ததையெல்லாம் நீயே வச்சுக்கடான்னுட்டாங்க." கூடம் விழுந்து விழுந்து சிரிக்கும். காலியாக இருக்கும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சிரிக்க வந்ததில்லை.

அப்பா போன ஆண்டு இறந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் சித்தப்பா அமலனின் பெயரைச் சேர்க்கவிடவில்லை. அவன் கல்லறைக்கு வந்து, எல்லோரும் மண் போட்டுத் திரும்பியபின் தானும் ஒரு பிடி போட்டான்.

பாஸ்கா நின்று பல காலம் ஆகிறது; மைதானத்தில் இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள். சென்ற மாதம் அமலன் மறுபடி அந்த ஓட்டல் கூடத்துக்கு வந்து பேசினான். பேச்சில் மொட்டை இல்லை, மில் இல்லை, அப்பா இல்லவே இல்லை. அதற்கெல்லாம் நன்றாகச் சிரிப்பார்களே, ஏன் விட்டுவிட்டாய் என்று வெளியே வரும்போது கேட்டேன்.

"ஒருநாள் வந்து உக்காருவாரு, கோவத்துலயாவது எந்திரிச்சுக் கத்துவாருன்னுதான்க்கா பேசுனேன்" என்றான். "அவரு இருந்த வரைக்கும் அது சண்ட. இனிமே பேசுனா புறணி."

அவன் நிகழ்ச்சி இப்போதெல்லாம் முன்பைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.